வயதைக் கேட்கட்டும், பெயர் எதற்கு?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். என் மகளுக்கு 15 வயது. ஒரு வருஷமாகப் படம் பகிரும் செயலி ஒன்றில் புனைபெயரில் எழுதுகிறாள். ஏரிக்கரையில் கொட்டும் குப்பை, உடைந்த நடைபாதை, பள்ளி விடும் நேரத்தில் நிறுத்தாமல் போகும் பஸ், இப்படி. தமிழிலும் கன்னடத்திலும் நாலு வரி, கூட ஒரு படம். போன வாரம் ‘வயதை உறுதிசெய்யவும்’ என்று கணக்கு முடங்கிவிட்டது. தொடங்கும்போது பிறந்த வருஷத்தை 2004 என்று போட்டிருக்கிறாளாம். முகத்தை வீடியோ எடு, இல்லாவிட்டால் அடையாள அட்டையைக் கொடு என்கிறது. “உன் ஆதாரைப் போட்டுத் திறந்துவிடு” என்கிறார் கணவர். இது பேச்சுரிமையில் கை வைப்பதில்லையா என்று மகள் கேட்டால், “பதினைந்து வயசுக்கு என்ன பேச்சுரிமை?” என்கிறார். நானும் வேலை செய்யும் இடத்தில் பார்ப்பதைப் புனைபெயரில் எழுதுகிறவள். நாளைக்கு எனக்கும் இதே கதிதானா? பதினாறு வயதுக்குக் கீழே தடை என்கிறார்களே, இங்கேயும் வருமா?
- ஒரு தாய், அல்சூர்

பதில்: சட்டம், உரிமை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. உங்கள் ஆதாரை மகளின் கணக்குக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்த நிமிஷம் அந்தக் கணக்கு ஒரு நடுவயதுப் பெண்ணுடையதாக மாறிவிடும். பதின்வயதினருக்கென்று செயலிகள் வைத்திருக்கும் தடுப்புகள் எல்லாம் விலகும்: முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்பலாம், பெரியவர்களுக்கான விளம்பரம் வரும். இன்னொருவர் அடையாளத்தில் கணக்கைத் திறந்தது பிறகு தெரியவந்தால், அதுவே நிரந்தரமாக மூடக் காரணமாகிவிடும். தரவுப் பாதுகாப்புச் சட்டம் முழுதாக அமலுக்கு வந்தபின், தகவல் தரும்போது வேறொருவராகக் காட்டிக்கொண்டால் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இதையெல்லாம்விட முக்கியமானது, இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் இருந்த அவளுடைய புனைபெயரோடு உங்கள் பெயரும் முகவரியும் ஒரு கம்பெனியின் சர்வரில் சேர்ந்து உட்கார்ந்துவிடும்.

பிறந்த வருஷத்தைத் தப்பாகப் போட்டது குற்றமா என்று பயப்பட வேண்டாம். 13 வயது நிறைந்தால்தான் கணக்கு என்பது பெரும்பாலான செயலிகள் தாங்களே வைத்திருக்கும் நிபந்தனை. 1998இல் அமெரிக்காவில் வந்த குழந்தைகள் தனியுரிமைச் சட்டத்திலிருந்து வந்த எண் அது. நம் நாட்டில் 15 வயதுப் பிள்ளை கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று மத்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. செயலியின் நிபந்தனைகளை ‘ஏற்கிறேன்’ என்று அவள் அழுத்தியதுகூட 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. 18 நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903லேயே தீர்ப்பாகிவிட்டது. அதற்காகக் கம்பெனி கணக்கை மூடக் கூடாது என்று ஆகிவிடாது. அவள் குற்றவாளி இல்லை, அவ்வளவுதான்.

முடங்கிய திரையில் இருக்கும் வாசகத்தை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ‘13க்குக் கீழ் இருக்கலாம்’ என்பது ஒரு ரகம், ‘18க்குக் கீழ் இருக்கலாம்’ என்பது வேறு ரகம். முதலாவதில் நிரூபிக்காவிட்டால் கணக்கே அழியும். இரண்டாவதில் வயதை ஒப்புக்கொண்டால் கணக்கு பதின்வயதுக் கணக்காக மாறும், எழுதியது எதுவும் போகாது. 2004 என்று போட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் வரும். ஆகவே பிறந்த தேதியைத் திருத்தும் வழி அங்கே இருந்தால் அதையே எடுங்கள். 22 வயதுக்காரி என்று சாதிக்கப் போக வேண்டாம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. முடங்கிய திரையிலேயே பெரும்பாலும் ‘உங்கள் தகவலைப் பதிவிறக்கு’ என்று சின்ன எழுத்தில் ஒரு இணைப்பு இருக்கும். அதை அழுத்தி எழுதியவை, படங்கள் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கோப்பு தயாராகச் சில மணி நேரமோ ஓரிரு நாளோ ஆகும், மின்னஞ்சலில் இணைப்பு வரும், அந்த இணைப்பும் சில நாளில் காலாவதியாகும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். முறையீடு தோற்றபின் பதிவிறக்கப் போனால் கதவு பூட்டிவிடும்.

அடுத்தது, முகமா அட்டையா என்ற கேள்வி. முகத்தை வீடியோ எடுக்கச் சொல்வது உங்கள் மகள் யார் என்று கண்டுபிடிக்க இல்லை. முகத்தைப் பார்த்து ஒரு மென்பொருள் வயதை ஊகிக்கிறது. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024 மே மாதம் இப்படிப்பட்ட ஆறு மென்பொருள்களைச் சோதித்து வெளியிட்டது. விசாவுக்கு எடுத்த தெளிவான படங்களிலேயே நல்ல மென்பொருளின் சராசரிப் பிழை 3.1 வருஷம். பெண் முகங்களில் பிழை அநேகமாக எப்போதும் கூடுதல். மூன்று வருஷம் இப்படியோ அப்படியோ என்றால், 15 வயதுப் பெண்ணை 18 என்றும் சொல்லலாம், 12 என்றும் சொல்லலாம். 18 என்றால் தடுப்புகள் போச்சு, 12 என்றால் கணக்கே போச்சு. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது. உங்களுக்கு வேண்டுமானால் ஒத்துவரும், அதைப் பிறகு சொல்கிறேன்.

மகளுக்கு நான் சொல்வது, பிறந்த தேதி அச்சிட்ட பள்ளி அட்டையைச் செயலி ஏற்றால் அது போதும். படம், பெயர், பிறந்த தேதி, கல்வியாண்டு இவை மட்டும் தெரியட்டும். வீட்டு முகவரி, உங்கள் செல் நம்பர், இரத்த வகை, சேர்க்கை எண் எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துவிட்டுப் படம் எடுங்கள். படம் எடுத்தபின் போனில் கறுப்புக் கோடு போடுகிறேன் என்று மார்க்கர் தூரிகையால் பூசினால், வெளிச்சத்தைக் கூட்டும்போது அடியில் இருப்பது தெரிந்துவிடும். காகிதம்தான் நம்பகம். அட்டையின் மேல் குறுக்காக ‘வயது சரிபார்ப்புக்கு மட்டும்’ என்று தேதியோடு ஒரு சீட்டையும் வையுங்கள்.

பள்ளி அட்டையில் பிறந்த தேதி இல்லை, ஆதார்தான் ஒரே வழி என்றால், அவளுடைய ஆதாரின் மாஸ்க்டு பிரதியை எடுங்கள். ‘மைஆதார்’ தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போய், பதிவிறக்கும் இடத்தில் மாஸ்க்டு என்ற கட்டத்தைத் தேர்ந்தால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் பிரதி வரும். பாஸ்வேர்டு, ஆங்கிலத்தில் பெயரின் முதல் நாலு பெரிய எழுத்தும் பிறந்த வருஷமும் சேர்ந்த எட்டு. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. எண்ணை மறைத்தவர்கள் பக்கத்தில் இருக்கும் க்யூஆர் கட்டத்தை மறைக்க மாட்டார்கள். பெயர், முகவரி, பிறந்த தேதி, படம் எல்லாம் அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது. அதையும் முகவரியையும் மறையுங்கள். சில பழைய ஆதார்களில் பிறந்த தேதி இல்லாமல் வருஷம் மட்டும் இருக்கும். அதைச் செயலி தள்ளிவிடும், முதலில் திருத்த வேண்டிவரும். கைரேகை, கண்மணிப் பதிவை 15 வயதில் புதுப்பித்தாக வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

தமிழ்க் குடும்பங்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் எடுத்த ஆதாரில் ‘எஸ். கயல்விழி’ என்று இருக்கும். பெங்களூருப் பள்ளி ஆவணத்தில் அப்பா பெயரைப் பின்னால் சேர்த்து ‘கயல்விழி செந்தில்’ என்று ஆக்கியிருப்பார்கள். பெயரை ஒப்பிடும் மென்பொருளுக்கு இவர்கள் இரண்டு பேர். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வயதுதான் வேண்டும் என்றால் பெயர் பொருந்த வேண்டிய அவசியமே இல்லை. அட்டையில் இருக்கிற முகமும் பிறந்த தேதியும் போதும், கணக்கின் பெயர் என்னவாக இருந்தாலும் இருக்கட்டும். ‘கணக்கின் பெயரும் அட்டையின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்’ என்று திரை கேட்டால், அது வயதுச் சரிபார்ப்பு இல்லை, ஆளைச் சரிபார்ப்பது. அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். வயதைச் சரிபார்க்கச் சொல்லும் சட்டங்களால் பேச்சுரிமைக்கு வரும் ஆபத்தெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாக்குவதிலிருந்துதான் வருகிறது.

இப்போது உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். பதினைந்து வயதுக்கும் பேச்சுரிமை உண்டு. அரசியலமைப்பின் 19(1)(அ) ‘எல்லாக் குடிமக்களுக்கும்’ என்கிறது, வயது போடவில்லை. ஓட்டுப் போட 18 என்று எழுதத் தெரிந்த அரசியலமைப்பு, பேசுவதற்கு அப்படி எழுதவில்லை. இது வெறும் வாதமும் இல்லை. 1985இல் கேரளத்தில் 10, 9, 5ஆம் வகுப்புகளில் படித்த மூன்று உடன்பிறப்புகளைத் தேசிய கீதம் பாடவில்லை என்று பள்ளியிலிருந்து நீக்கினார்கள். பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். 1986 ஆகஸ்ட் 11 அன்று பிஜோ இம்மானுவேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், பேசும் உரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடக்கம் என்று சொல்லி அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. பள்ளிப் பிள்ளைகளின் 19(1)(அ) உரிமையை நீதிமன்றம் காப்பாற்றி நாற்பது வருஷம் ஆகிறது. சாப்பாட்டு நேரத்தில் இதை எடுத்துப் போடுங்கள்.

உரிமை உண்டு என்பதற்காகக் கட்டுப்பாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. 19(2)இல் கட்டுப்பாட்டுக்கான காரணங்கள் எண்ணி எழுதப்பட்டிருக்கின்றன: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, அயல்நாட்டு உறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். ‘பொது நலன்’ என்ற சொல் அதில் கிடையாது. தொழில் செய்யும் உரிமையைக் கட்டுப்படுத்தும் 19(6) போன்ற இடங்களில்தான் அது இருக்கிறது. பிள்ளைகளின் தூக்கம் கெடுகிறது, படிப்பு கெடுகிறது என்பதெல்லாம் உண்மையான கவலைதான். ஆனால் அதை வைத்துப் பேச்சையே மறிக்க வேண்டுமென்றால் அந்தப் பட்டியலில் ஏதோ ஒன்றுக்குள் அடைக்க வேண்டும். ஆபாசத்தைத் தடுப்பது ‘ஒழுக்கம்’ என்ற சொல்லுக்குள் எளிதாக அடங்கும். ஏரிக்கரைக் குப்பையைப் பற்றி எழுதுவதைத் தடுக்க எந்தச் சொல்லும் இல்லை. 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு விழுந்ததற்கு ஒரு காரணம், குற்றமானதையும் குற்றமில்லாததையும் ஒரே வலையில் வாரியது. வயதைக் காட்டினால்தான் உள்ளே விடும் வாசலும் பார்க்க அப்படித்தான் இருக்கிறது.

2017 ஆகஸ்ட் 24 தீர்ப்பையும் சொல்லியாக வேண்டும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன வழக்கைத் தொடுத்த மறைந்த கே.எஸ். புட்டசாமி உங்கள் ஊரில் வாழ்ந்தவர், கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர். 2012இல் அவர் மனுப் போட்டதே ஆதாரை எதிர்த்துத்தான். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு தனியுரிமையைத் தொடும் எந்தச் சட்டமும் நியாயமான நோக்கம் இருக்கிறதா, வழி அந்த நோக்கத்துக்குப் பொருந்துகிறதா, இதைவிடக் குறைவாகக் காயப்படுத்தும் வழி இல்லையா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். வயதுச் சட்டங்கள் பெரும்பாலும் மூன்றாவதில் தடுக்கி விழும்.

இப்போது இருக்கிற சட்டம் என்ன சொல்கிறது? 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 நிறையாத எல்லோரும் குழந்தைதான். நாலு வயதும் பதினேழரை வயதும் ஒன்று. பிரிவு 9இன்படி குழந்தையின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும், குழந்தையைப் பின்தொடர்ந்து கண்காணிக்கவோ குறிவைத்து விளம்பரம் காட்டவோ கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இந்தப் பகுதி அமலுக்கு வர 18 மாதம் கொடுத்திருக்கிறார்கள், அதாவது 2027 மே வாக்கில். ஆகவே உங்கள் மகளின் கணக்கு இன்று முடங்கியது இந்தச் சட்டத்தால் இல்லை, கம்பெனியின் சொந்தச் சோதனையால்.

10ஆம் விதியைப் பொறுமையாகப் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். சம்மதம் தருகிறவர் அடையாளம் காணத்தக்க வயதுவந்தவரா என்று பார்க்கச் சொல்கிறது. அதற்குக் கம்பெனியிடம் ஏற்கெனவே இருக்கும் விவரம், அவரே தரும் விவரம், அல்லது டிஜிலாக்கர் (அரசின் மின்னணு ஆவணப் பெட்டகம்) போன்ற இடத்திலிருந்து வரும் டோக்கன், அதாவது வயதை உறுதிசெய்யும் மின்னணுச் சீட்டு, போதும் என்கிறது. பயனாளர் ஒவ்வொருவரின் வயதையும் ஆதாரை வாங்கிப் பார் என்று எங்கும் இல்லை. அப்படியானால் பயம் எதற்கு? 200 கோடிக்குத்தான். அந்தத் தொகையைப் பார்த்த கம்பெனி வக்கீல், ‘சந்தேகமா, எல்லோரிடமும் அட்டையை வாங்கு’ என்றுதான் சொல்வார். யார் குழந்தை என்று தெரிய வேண்டுமென்றால் யார் குழந்தை இல்லை என்பதும் தெரிய வேண்டுமே. குழந்தைகளுக்காகப் போட்ட வாசலில் வரிசையில் நிற்கப்போவது பெரும்பாலும் பெரியவர்கள்தான்.

பெற்றோர் சம்மதத்தில் இன்னொரு முள் இருக்கிறது. கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். உங்களைப் போன்ற அம்மா இருக்கும் வீட்டில் சிக்கல் இல்லை. அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார் என்று எழுதும் பெண்ணுக்கு, கல்யாணம் பேசியதை எதிர்த்து எழுதும் 17 வயதுக்காரிக்கு, அவள் எழுதலாமா என்று முடிவு செய்கிறவர் அந்த அப்பாவே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருந்த பெண்கள் ஏறக்குறைய 54 சதவீதம்தான். டிஜிலாக்கர் டோக்கன் கொடுக்கக்கூடியவர் பல வீடுகளில் அப்பா மட்டும்தான் என்று ஆகிவிடும். பையனுக்குச் சம்மதம் கிடைக்கும், பெண்ணுக்கு ‘உனக்கெதற்கு’ என்பார்கள். இதை நான் ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. கோழிக்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி மாணவியர் விடுதியில் செல்போனுக்கு நேரக் கட்டுப்பாடு போட்டு, எதிர்த்த மாணவியை வெளியேற்றினார்கள். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று சொல்லி அவரைத் திரும்பச் சேர்க்க வைத்தது. ஃபஹீமா ஷிரின் வழக்கு.

விளம்பரத்துக்காகப் பின்தொடரக் கூடாது என்ற பாதியை நான் வரவேற்கிறேன். பிள்ளைகளைத் திரையில் கட்டிப்போடுவது அந்த இயந்திரம்தானே. ஆனால் அதை வயதைப் பார்க்காமல் எல்லோருக்குமே நிறுத்திவிட்டால் அட்டை கேட்கும் வேலையே இருக்காது.

சரி, உங்கள் சொந்தப் புனைபெயர். அது இரண்டு பேரிடமிருந்து உங்களைக் காப்பாற்றலாம்: உங்கள் மேலாளர், உங்கள் தெரு. போலீசிடமிருந்து காப்பாற்றாது. உங்கள் சிம் ஏற்கெனவே அடையாளச் சான்றோடு வாங்கியதுதான், முறையான உத்தரவு வந்தால் ஆள் தெரிந்துவிடும். இதை மனதில் வைத்து எழுதுங்கள். முதல் இரண்டு பேருக்கு எதிராக, புனைபெயர்க் கணக்குக்குத் தனி மின்னஞ்சல் வைத்துக்கொள்ளுங்கள், தொடர்பு எண்களை ஒத்திசைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று உங்கள் கணக்கை மேலாளரின் திரையிலேயே கொண்டுபோய் வைக்கும். புனைபெயர் வெளிவருவது பெரும்பாலும் ஹேக்கரால் இல்லை, இதனால்தான்.

உங்களிடம் வயது கேட்டால் இந்த வரிசையில் போங்கள். கணக்கின் பழமையை வைத்தே தீர்த்துக்கொள்ளும் வழி இருந்தால் அது. இல்லையென்றால் முக ஊகம். உங்கள் வயதில் மூன்று வருஷப் பிழை எதையும் மாற்றாது, 18க்கு மேல் என்ற விடைதான் வரும். படத்தை உடனே அழிப்பதாக எழுதியிருக்கிறார்களா, சோதிப்பது செயலியா வேறு கம்பெனியா என்று மட்டும் பாருங்கள். அதற்கடுத்து, ‘18க்கு மேல், ஆம்’ என்பதை மட்டும் அனுப்பும் டோக்கன். அட்டையின் படம் கடைசி. எப்படிக் கொடுத்தாலும் உதவி மையத்துக்கு எழுதும் கடிதத்தில் இணைப்பாக மட்டும் அட்டையை அனுப்பாதீர்கள். 2025 அக்டோபரில் டிஸ்கார்ட் நிறுவனம், ஏறக்குறைய 70,000 பேரின் அரசு அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. திருடு போனது அதன் வாடிக்கையாளர் சேவையைப் பார்த்த வெளிக் கம்பெனியிடமிருந்து. தங்கள் வயதைத் தப்பாகக் கணித்துவிட்டார்கள் என்று முறையிட்டவர்கள் கொடுத்த அட்டைகள் அவை. வயதை நிரூபிக்கப் போய் வீட்டு விலாசத்தைப் பறிகொடுத்தார்கள்.

இங்கே அப்படி நடந்தால் உங்களுக்கு இழப்பீடு கிடைக்குமா? புதிய சட்டம் முழுதாக வந்தபின், அதன்கீழ் விதிக்கும் அபராதம் எவ்வளவு கோடியானாலும் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். அட்டையை இழந்தவருக்குக் கொடுக்க அதில் வழி இல்லை. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு இருந்த 43ஏ பிரிவையும் எடுத்துவிடுகிறார்கள். ஆகவே கொடுக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. விபிஎன் போட்டால் தப்பலாமா என்று மகள் கேட்டிருப்பாள். நாட்டை மாற்றிக் காட்ட அது உதவும், ஏற்கெனவே சந்தேகப் பட்டியலில் விழுந்த கணக்கை மீட்க உதவாது.

தென் கொரியா இதையெல்லாம் முன்பே அனுபவித்துவிட்டது. 2007இல் பெரிய தளங்களில் எழுத உண்மைப் பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 2011இல் ஒரே தாக்குதலில் சுமார் 3.5 கோடிப் பேரின் விவரம் திருடு போனது. 2012 ஆகஸ்டில் அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், இது பேச்சுரிமைக்கு விரோதம் என்று எல்லா நீதிபதிகளும் ஒருமனதாகச் சட்டத்தை ரத்து செய்தது.

தடை வருமா என்றால், ஆஸ்திரேலியா செய்துவிட்டது. 2024இல் சட்டம், 2025 டிசம்பர் 10 முதல் அமல். 16க்குக் கீழ் உள்ளவர் கணக்கு வைக்காமல் பார்த்துக்கொள்ளாத கம்பெனிக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. அதிலும் ஒரு நல்ல வரி உண்டு: அரசு அட்டையை மட்டுமே ஒரே வழியாகக் கம்பெனி கேட்கக் கூடாது. நம் ஊரில் 2023 செப்டம்பரில் எக்ஸ் நிறுவனத்தின் மேல்முறையீட்டை விசாரித்தபோது, சமூக ஊடகத்துக்கு வயது வரம்பு வைத்தால் என்ன என்று கர்நாடக உயர் நீதிமன்ற அமர்வு கேட்டது. வாய்மொழிக் கருத்துதான், உத்தரவு இல்லை. 2025 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, ஆஸ்திரேலியாவைப் போன்ற சட்டத்தை மத்திய அரசு யோசிக்கலாம் என்றது, அதுவும் யோசனை. அதே ஆண்டு ஏப்ரலில் 13 வயதுக்குக் கீழே தடை கேட்டு வந்த மனுவை, இது கொள்கை விஷயம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. கோவா, ஆந்திரம், கர்நாடகம் என்று மாநில அளவிலும் பேச்சு நடக்கிறது. மாநிலம் தனியாகச் சட்டம் போட்டால், தகவல் தொடர்பு மத்தியப் பட்டியலின் 31ஆவது பதிவில் இருக்கிறதே என்ற கேள்வி முதல் வாய்தாவிலேயே எழும்.

வரைவு எது வந்தாலும் கருத்துக் கேட்பார்கள். அப்போது ‘சுதந்திரம் வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். குறிப்பாக எழுதுங்கள்: வயது டோக்கனில் பெயரும் எண்ணும் போகக் கூடாது, எந்தத் தளத்துக்காகக் கேட்டது என்று டோக்கன் தருகிறவருக்குத் தெரியக் கூடாது, அட்டைப் படத்தைச் சேமிக்கக் கூடாது, 16 முதல் 18 வரை பிள்ளையின் சொந்தச் சம்மதம் போதும். கடைசியதற்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. தகவலைப் பாதுகாப்பாகக் கையாளும் நிறுவனத்துக்கு வயதைத் தளர்த்த மத்திய அரசுக்குப் பிரிவு 9(5) அதிகாரம் தருகிறது. இதையெல்லாம் தமிழிலேயே எழுதலாம். அரசுக்கு முறையீடு செய்ய ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியையும் பயன்படுத்தலாம் என்கிறது அரசியலமைப்பின் 350ஆவது உறுப்பு.

இந்த வாரத்து வேலை வேறு. செயலியின் குறைதீர் அலுவலரின் மின்னஞ்சல் அதன் தளத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கு இப்படி எழுதுங்கள்: ‘இன்ன பயனர்பெயர் கொண்ட கணக்கு இன்ன தேதியில் வயதுச் சரிபார்ப்புக்காக முடக்கப்பட்டது. கணக்கு வைத்திருப்பவரின் சரியான வயது 15. பிறந்த தேதியைத் திருத்தி, பதின்வயதுக் கணக்காக மாற்றித் தரக் கோருகிறோம். வயதை நிரூபிக்கப் பள்ளி அட்டையை உங்கள் பாதுகாப்பான பதிவேற்றப் பக்கத்தில் தரத் தயார். மின்னஞ்சலில் அனுப்ப மாட்டோம். எழுதியவை எதையும் இடைக்காலத்தில் அழிக்க வேண்டாம்.’ உங்கள் பெயரில், பெற்றோர் என்று குறிப்பிட்டு, மகளின் புனைபெயர்க் கணக்கோடு சேராத ஒரு மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். 24 மணி நேரத்தில் ஒப்புகை வர வேண்டும், அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால், பதில் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்திலேயே போகலாம், வக்கீல் தேவையில்லை. முடக்கத் திரையிலும் ஒரு கெடு எழுதியிருப்பார்கள். உங்கள் மகளின் கணக்கில் ஏற்கெனவே ஒரு வாரம் போய்விட்டது, ஆகவே பதிவிறக்கத்தை இன்று ராத்திரியே அழுத்திவிட்டுப் படுங்கள்.